ஒரு நிமிஷம் ஓடட்டும்

"இன்னா, எஞ்சினுக்கு மூச்சு பத்தலையா? நீ வாய வெச்சி ஊதப் போறியா?" என்று சித்தப்பா கேட்டபோது, வலை பின்னும் கூடத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். என் தம்பியும் சிரித்தான். அதுதான் எனக்கு உறைத்தது.

நான் சொன்னதில் சிரிக்க ஒன்றுமில்லை. என் பழைய டீசல் காரில் பின் சீட்டைக் கழற்றி நண்டுப் பெட்டிகளை அடுக்கினால், பழவேற்காடு பாலத்தின் ஏற்றத்தில் அது இரண்டாவது கியரில் முனகும். அதில் டர்போ கிடையாது. வீணாகப் போகும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவதுதான் டர்போ. புதிது வாங்க என்னால் முடியாது. காயலான் கடையில், மோதி நொறுங்கிய காரிலிருந்து கழற்றிய ஒன்றைப் பிடித்துவிடுவேன் என்றேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்தது நான் ஒருத்திதான். அதற்கு மேல் ஆட்டோமொபைல் டிப்ளமோ, மீஞ்சூர் பக்கம் சர்வீஸ் சென்டரில் வேலை. ஆனால் எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் எந்த எஞ்சின் நின்றாலும் கூப்பிடுவது எட்டாவதோடு நின்ற தம்பியைத்தான். நைனாவும் அப்படித்தான். என் காரில் ஏதாவது சத்தம் கேட்டால், பக்கத்திலேயே நான் இருக்க, "தம்பியாண்ட காட்டிடும்மா" என்பார். ஒரே ஒரு தடவை அவர் என்னைக் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மூன்று ஞாயிறுகள் அலைந்தேன். சக்கரம் சுழலும் தண்டை விரலால் ஆட்டிப் பார்த்து, ஆட்டம் இல்லாத ஒரு டர்போவை எடுத்தேன். எண்ணெய் போக ஒரு குழாய், இறங்கி வர ஒரு குழாய் என்று எல்லாவற்றையும் நோட்டில் வரைந்து வைத்திருந்தேன். வெல்டிங் மட்டும் எனக்கு வராது. தம்பியிடம்தான் போக வேண்டியிருந்தது.

பூட்டி ஸ்டார்ட் செய்ததும் எண்ணெய் எரியும் நீலப் புகை கொட்டியது. நான் நோட்டைப் புரட்டினேன். அவன் காருக்கு அடியில் படுத்தான்.

"அக்கா, எண்ண எறங்கவே வழியில்ல. பைப்பு நடுவுல மேல ஏறுது பாரு."

என் படத்தில் அந்தக் குழாய் நேராக இருந்தது. காரில் இடம் போதாமல் வளைத்தது நான்தான். அவன் அதை வெட்டி, சரிவாக வைத்துப் பற்றவைத்தான். டீ ஆறுவதற்குள் புகை நின்றுவிட்டது.

மறுநாள் பாலத்தில் முழுப் பாரத்தோடு மூன்றாவது கியரில் ஏறினோம். டர்போவின் மெல்லிய விசில் கேட்டது. நைனா தம்பியின் தோளைத் தட்டினார். "நீ கை வெச்சா எஞ்சினு பேசுதுடா." அந்த விசிலைத் தேடிக் கொண்டுவந்த நான் பின்னால் நண்டுப் பெட்டியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அவனிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். டர்போ போட்ட எஞ்சினை ஓடி வந்த சூட்டோடு அணைக்கக் கூடாது. ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் ஓட்டம் நின்று, தண்டைச் சுற்றியிருக்கும் எண்ணெய் கருகி, டர்போ கெட்டுப்போகும். படகில் இதற்கு நேர் எதிர். மணலைத் தட்டும் முன்பே எஞ்சினை அணைத்து, தண்ணீரைத் தள்ளும் விசிறியை மேலே தூக்கியாக வேண்டும், தாமதித்தால் விசிறி உடையும். கரையைக் கண்டதும் எங்கள் ஆட்களின் கை தானாக அணைக்கப் போகும். தம்பி காரில் சந்தைக்குப் போய்த் திரும்பி, வாசலில் சட்டென்று சாவியைத் திருப்புவதை தினமும் பார்த்தேன். நோட்டில் நான் அடிக்கோடு போட்டு வைத்திருந்த விஷயம் அது. அவன் வந்து கேட்டால் சொல்லலாம் என்றிருந்தேன். அவன் கேட்கவில்லை.

இரண்டு மாதத்தில் விசில் கிறீச்சிடத் தொடங்கியது. பிறகு நின்றே போனது. தம்பி டர்போவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நைனாவிடம் சொன்னான்: "என் வெல்டிங்லதான் இன்னாவோ தப்பு. தூளு உள்ள போயிருக்கும். அக்கா அலைஞ்சி வாங்கனத நான்தான் கெடுத்துட்டேன்."

அவன் வாயிலிருந்து இப்படி ஒன்றைக் கேட்க எத்தனை நாள் ஆசைப்பட்டிருக்கிறேன். கேட்டபோது இனிக்கவில்லை.

"உன் வெல்டிங் இல்லடா. வந்தவொடனே ஆஃப் பண்ணக் கூடாது. எனக்குத் தெரியும். சொல்லல."

"ஏங்க்கா?"

"எல்லாரும் உன்னையே கேக்குறாங்க."

அவன் டர்போவைக் கீழே வைத்துவிட்டு நைனாவைக் காட்டினான். "லூசு. 'உங்கக்கா மாதிரி நீ ஏன்டா படிக்கல'ன்னு இவரு என்னை டெய்லி கேக்குறாரு, அது தெரியுமா உனக்கு?"

நைனா எழுந்து வெளியே போய்விட்டார். அந்த நிலைமையிலும் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

இன்னொரு டர்போவைத் தேடிப் பிடித்துப் பூட்டியிருக்கிறோம். இப்போது வாசலில் வந்து நின்ற பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். நைனா கார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுவார். "ஏம்மா, ஆஃப் பண்ணலாமா?" வேண்டுமென்றே சற்றுத் தாமதித்துத்தான் தலையாட்டுவேன்.

பொறாமை போய்விடவில்லை. தம்பி முன்பு பற்றவைத்த குழாயை எடுத்துப் பார்த்தால் எனக்கு இன்னமும் மனசு எரிகிறது, அவ்வளவு ஒழுங்கு. வேலை முடிந்ததும் மீஞ்சூரில் வெல்டிங் வகுப்புக்குப் போய்வருகிறேன். புது டர்போவுக்கு எண்ணெய் இறங்கும் குழாயை நானே வெட்டி, நானே பற்றவைத்தேன். கோணலாகத்தான் இருக்கிறது. ஒழுகவில்லை.