கூறின் மேல் வைத்த சுண்ணாம்பு டப்பி

என் சமையலறை அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பின்னால், ஒரு பித்தளைச் சுண்ணாம்பு டப்பி இருக்கிறது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். மூடி சரியாக மூடாது. கீலுக்குள் மணல் புகுந்து இறுகிவிட்டது. ஊசியால் நெருடினால் வந்துவிடும். நான் அதைச் செய்ததில்லை. எங்கள் வீட்டில் இப்போது வெற்றிலை போடுபவர்கள் யாரும் இல்லை. பித்தளைச் சாமான் துலக்கும் நாளில் இதையும் புளி போட்டுத் தேய்த்து, மறுபடி அதே இடத்தில் வைத்துவிடுவேன். ஒருமுறை என் மகள், "இது எதுக்கும்மா, பழைய சாமான்காரருக்குப் போட்டுடலாமே" என்றாள். இருக்கட்டும் என்று மட்டும் சொன்னேன். எனக்கு நீளமாகப் பேச வராது. நாலு பேர் எதிரில் என்றால் வாயே திறக்காது. அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

அது என் அத்தையுடையது. அப்பாவுக்கு அக்கா, அவர் மகனையே நான் கட்டிக்கொண்டதால் எனக்கு மாமியாரும் அவர்தான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, பக்கிங்காம் கால்வாயின் மேற்குக் கரையில் எங்கள் ஊர். நெல்லும் தென்னையும் உள்ள சின்ன ஊர். கால்வாயைத் தாண்டி, சவுக்குத் தோப்பையும் மணல் மேட்டையும் கடந்தால் மீன்பிடிக் குப்பம். அத்தை தென்னந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்து, மட்டைகளைக் கால்வாய் ஓரம் ஊறப்போட்டு, கீற்று முடைந்து விற்றுவந்தார். மழைக்காலம் வருவதற்கு முன்பு குப்பத்தில் கூரை மாற்றுவார்கள். அந்தக் கூரைகளில் பெரும்பாலும் அத்தையின் கீற்றுதான் இருக்கும்.

குப்பத்தில் அத்தைக்கு ஒரு தோழி இருந்தார். சொந்தமாகப் படகு வைத்திருந்த குடும்பம் என்பதால் அவரை எல்லோரும் படகுக்காரம்மா என்பார்கள். தோழி என்று நான் எழுதுகிறேனே தவிர, இருவரும் பேசுவதைப் புதிதாகக் கேட்பவர்கள் சண்டை என்றுதான் நினைப்பார்கள். படகுக்காரம்மா கீற்றைத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்து, "இன்னாடி பின்னியிருக்கிற, வானமே தெரியுது. மழ பேஞ்சா நானும் நனைவேன், என் புருசனும் நனைவான்" என்பார். அத்தை அவருடைய மீன் கூடைக்குள் எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்வார். "உன் மீனு நாறுது. பூனகூட மோந்து பாத்துட்டுப் பூடும்" என்பார். அப்படிச் சொல்லித்தான் இரண்டு மீன் கொசுறாக வாங்குவார். வாங்கிய மீனை வீட்டில் எல்லோரையும்விட ருசித்துச் சாப்பிடுபவரும் அவர்தான்.

நான் மருமகளாக வந்த வருடம் கார்த்திகையில் புயல் அடித்தது. எங்கள் வீட்டு ஓடுகள் பறந்தன, மாட்டுக் கொட்டகை சாய்ந்தது. ஆனாலும் சுவர்கள் நின்றன. காற்று அடங்கியதும் கால்வாய்க் கரைக்குப் போய்ப் பார்த்தோம். சவுக்குத் தோப்பு சீப்பில் வாரிவிட்டது போல ஒரே பக்கமாகப் படுத்திருந்தது. மரங்கள் நின்றவரை மறைந்திருந்த குப்பம் அன்று எங்கள் கரையிலிருந்தே தெரிந்தது. தெரிந்தது என்று சொல்வதுகூடத் தப்பு. அங்கே கூரை என்று எதுவும் இல்லை. மண்சுவர்கள் கரைந்து மேடாகியிருந்தன. கட்டுமரங்கள் தோப்புக்குள் கிடந்தன.

அத்தை திரும்பி எங்கள் தோப்பைப் பார்த்தார். மரம் மரமாக மட்டை விழுந்து தரையே தெரியவில்லை. "காத்து அவங்க கூரயத் தூக்கினு பூட்டு, கீத்துக்கு மட்டய நம்ம கொல்லையில கொண்டாந்து கொட்டியிருக்குது" என்றார். அதற்கு மேல் அவர் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. மட்டையை இழுத்துக் கால்வாயில் போடத் தொடங்கினார். பார்த்துக்கொண்டிருந்தவர்களும் இழுத்தார்கள். அந்த வாரம் எங்கள் ஊரில் முடையத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லோரும் கீற்று முடைந்தார்கள். விழுந்த சவுக்கை வெட்டிக் கம்பாக்கினார்கள். கால்வாயில் இடுப்புத் தண்ணீரில் இறங்கி, கீற்றுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அக்கரைக்குப் போனோம்.

குப்பத்தில் வேலை செய்த அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. எங்கள் ஆட்கள் கம்போடு கம்பு சேர்த்துக் கட்டிய முடிச்சைக் குப்பத்து ஆட்கள் பார்த்தார்கள். "இன்னா அண்ணாத்த, இது மாடு கட்ற முடிச்சு. வூடு என்ன மேயவா போவப் போவுது?" என்று அவிழ்த்து, வலைக்குப் போடும் முடிச்சாகப் போட்டார்கள். எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? "உங்க முடிச்சு உங்க வூட்டத் தாங்கின லட்சணந்தான் தெரியுதே" என்றார்கள். எல்லாவற்றையும் இழந்தவர்களிடம் சொல்லக்கூடிய பேச்சு இல்லை அது. ஆனால் அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்குப் பேச வராது என்பதைக் கண்டுபிடித்த படகுக்காரம்மா, "ஏன்டி, உன் மருமவளுக்கு வாய வச்சே அனுப்பலியா அவங்கம்மா?" என்று அத்தையிடம் கேட்டார். "ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் நீ பேசறியே" என்றார் அத்தை. மத்தியானம் ஒரே பானைக் கஞ்சியை எல்லோரும் குடித்தோம். எங்கள் ஊரில் சில வீட்டுக்காரர்கள் குப்பத்தில் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை என்பது இரு கரைக்கும் தெரிந்த விஷயம்தான். அந்த நாட்களில் அவர்களும் குடித்தார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பாதி வீடுகளுக்குமேல் கூரை ஏறிவிட்ட சமயம் கடல் தெளிந்தது. கிழிந்து கிடந்த பல வலைகளிலிருந்து நல்ல பகுதிகளை வெட்டிச் சேர்த்து, ஒரே ஒரு பெரிய வலையாகக் கட்டியிருந்தார்கள். கரையிலிருந்து கயிறு பிடித்து இழுக்கிற வலை. அன்று காலை நாங்கள் போனபோது இழுக்க ஆள் போதவில்லை. அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். பின்னால் எங்கள் ஊர் முழுவதும் பிடித்தது. உள்ளங்கை எரிந்தது. வலை கரைக்கு வந்தபோது காரப்பொடி மீனும் நெத்திலியுமாக வெள்ளையாகத் துள்ளியது. நடுநடுவே வவ்வால் மீனும் இருந்தது. புயலுக்குப் பிறகு அந்தக் கரை பார்த்த முதல் மீன்.

அந்தக் குப்பத்தில் ஒரு பழக்கம் இருந்தது. கயிற்றில் கை வைத்தவர்களுக்கெல்லாம் பங்கு உண்டு. மீனைச் சமமான கூறுகளாக மணலில் குவிப்பார்கள். ஒவ்வொருவரும் கையில் இருக்கும் ஏதாவது ஒரு பொருளைக் கொடுக்க வேண்டும். தீப்பெட்டியோ பீடிக்கட்டோ செருப்போ, எதுவானாலும் சரி. யாருடையது எது என்று பார்க்காதபடி திரும்பி நின்ற ஒருவர் அவற்றை வாங்கிக் கூறுக்கு ஒன்றாக வைப்பார். எந்தக் கூறின் மேல் உன் பொருள் இருக்கிறதோ அது உன் பங்கு. யாரும் குறை சொல்ல முடியாது. அன்று எங்கள் ஊர்க்காரர்களிடமும் பொருள் கேட்டார்கள். அத்தை விளையாட்டு என்று நினைத்து இடுப்பிலிருந்து சுண்ணாம்பு டப்பியை எடுத்துக் கொடுத்தார். அது ஓர் ஓரத்துக் கூறின் மேல் போய் உட்கார்ந்தது.

கூறுகளுக்கு அந்தப் பக்கம் குப்பத்துப் பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். பல நாட்களாகக் கஞ்சி மட்டும் குடித்த பிள்ளைகள். அத்தை அவர்களைப் பார்த்ததை நான் பார்த்தேன். பிறகு குனிந்து டப்பியை மட்டும் எடுத்தார். முந்தானையில் துடைத்தார். "எங்களுக்கு இன்னாத்துக்கு? புள்ளைங்களுக்குப் போடுங்க" என்றார். அவரைப் பார்த்து எங்கள் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகப் போய் அவரவர் பொருளை எடுத்துக்கொண்டார்கள். துண்டை எடுத்தவர் உதறினார். மீன் எல்லாம் மணலிலேயே இருந்தது.

படகுக்காரம்மா அத்தையின் எதிரில் வந்து நின்றார். "ஏன், எங்க கையால குடுத்தா எறங்காதா?" என்று கேட்டார்.

அத்தை அதை எப்போதும் போலக் கேலி என்று எடுத்துக்கொண்டார். மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆமா, உன் மீனு நாறுது" என்று சிரித்தார்.

படகுக்காரம்மா சிரிக்கவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற ஆண்களும் சிரிக்கவில்லை. எங்கள் ஆட்களில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அதுதான் இன்னும் கெடுத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுநாள் மிச்ச வீடுகளுக்குக் கீற்று எடுத்துக்கொண்டு போனோம். குப்பத்தில் எங்களுக்குப் பாய் விரித்தார்கள். கடையிலிருந்து டீ வரவழைத்துக் கொடுத்தார்கள். "உக்காருங்க, நாங்க பாத்துக்கறோம், உங்களுக்கு எதுக்கு சிரமம்" என்றார்கள். முடிச்சைப் பற்றி யாரும் கேலி பேசவில்லை. படகுக்காரம்மா அத்தையைப் பார்த்து, "வாங்கம்மா" என்றார். வாடி போடி என்றே கேட்டுப் பழகியிருந்த அத்தை, திரும்பி என்னைப் பார்த்தார். அவர் முகம் அப்படிச் சுருங்கியதை அதற்கு முன் நான் கண்டதில்லை.

விஷயம் எங்களுக்குத் தெரிய வந்தது பிறகுதான். தெருவில் மீன் விற்க வந்த பெண் சொன்னார். "கூறுமேல வச்ச பொருள எடுத்துகினு மீன வுட்டுட்டுப் போனா, இனிமே உங்களோட சேர்ந்து கயிறு புடிக்க மாட்டேன்னு அர்த்தம் அம்மா. பங்காளிங்க முறிச்சிகினு போறப்போ செய்யறது. நீங்க ஊரோட செஞ்சிட்டீங்க." அத்தை கதவு நிலையைப் பிடித்தபடியே நின்றார். "அய்யோ, நான் புள்ளைங்களப் பாத்துட்டு இல்ல சொன்னேன்" என்றார். போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அன்று கிளம்பியவர், கால்வாய்க் கரைவரை போய்த் திரும்பிவிட்டார். இன்னான்னு சொல்றது, உதவி செஞ்சத நானே சொல்லிக் காட்ற மாதிரி ஆயிடும் என்றார். ஒருநாள் மீன் வாங்குகிற சாக்கில் போனார். நானும் கூடப் போனேன். அத்தை பாதி விலைக்குக் கேட்டார், வேண்டுமென்றே, வம்புக்கு இழுக்க. படகுக்காரம்மா பேசாமல் அந்த விலைக்கே கொடுத்துவிட்டார். அடுத்த மழைக்காலத்துக்குக் குப்பத்தார் வேறு ஊரிலிருந்து கீற்று வாங்கினார்கள். அத்தை முடைந்து அடுக்கிய கட்டுகள் கால்வாய்க் கரையில் கரையான் பிடித்தன. அதன்பின் அவர் குத்தகையை விட்டுவிட்டார்.

பல வருடம் கழித்து சுனாமி வந்தது. அந்தக் காலை குப்பத்து ஜனங்கள் எங்கள் பக்கம் ஓடிவந்தபோது, அத்தை கால்வாய்க் கரையில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். படகுக்காரம்மா ஈரப்புடவையோடு பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அத்தை கையை நீட்டிப் பிள்ளையை வாங்கி மேட்டில் ஏற்றிவிட்டார். ஒரு வார்த்தை இல்லை. பிறகு லாரி லாரியாகச் செங்கல் வந்தது, வெளியூர் மேஸ்திரிகள் வந்தார்கள், எங்கள் ஊர் ஓரத்திலேயே குப்பத்தாருக்கு வரிசையாகக் கான்கிரீட் வீடுகள் எழும்பின. கீற்றும் வேண்டியிருக்கவில்லை, எங்கள் கையும் வேண்டியிருக்கவில்லை. இருவரும் பக்கத்துத் தெருக்காரர்கள் ஆனார்கள். ரேஷன் கடை வரிசையில் முன்னும் பின்னுமாக நிற்பார்கள். "நல்லா இருக்கீங்களா?" "இருக்கேங்க." அவ்வளவுதான். அந்த மரியாதையைக் கேட்க எனக்குத் தாங்காது.

அத்தை நோயில் படுத்து, ஒரு தை மாதம் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு காலை, வாசலில் படகுக்காரம்மா நின்றார். கையில் ஓலைக்கூடை. உள்ளே வந்து, தரையில் வாழையிலையைக் கேட்டு வாங்கிப் போட்டு, கூடையைக் கவிழ்த்தார். காரப்பொடி. மேலே ஒரு வவ்வால்.

"அந்த டப்பி இருக்குதாடி?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். மீனின் மேல் வைத்தார்.

எனக்கு எப்படி வாய் வந்ததோ தெரியாது. "அன்னிக்கு அத்தை பசங்களப் பாத்துட்டுத்தான் வேணாம்னாங்க. வேற ஒண்ணும் மனசுல இல்ல" என்றேன்.

"தெரியும்டி" என்றார். "அவ பாத்தத நானும்தான் பாத்தேன். அங்க ஆம்பளைங்க மத்தியில எனக்குச் சுருக்குனு ஆயிடுச்சு, கேட்டுட்டேன். மறுநாள் வந்து என் தலைல ரெண்டு போடுவான்னு நினைச்சிகினு இருந்தேன். அவ டீயக் குடிச்சிட்டுப் போயிட்டா." இலையில் சரிந்த மீனை விரலால் மேலே ஒதுக்கினார். "நான் போயிருக்கலாம். கூறு குடுத்தவ நானு, நான் எப்டிப் போறதுன்னு இருந்துட்டேன். பக்கத்துத் தெருவுலயே இருந்துட்டேன்."

எழுந்து போகும்போது திரும்பினார். "மீனயும் எடு, டப்பியயும் எடு. ரெண்டயும் சேத்து எடுக்கணும்" என்றார்.

அன்று குழம்பு வைத்தேன். என் வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டு வெகுநேரம் கை கழுவாமல் உட்கார்ந்திருந்தார். படகுக்காரம்மாவும் பிறகு அதிக நாள் இருக்கவில்லை.

இப்போது நாங்கள் நாவலூரில், மகளோடு, அடுக்குமாடியில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை வாசலுக்கு மீன் வண்டி வருகிறது. வெட்டிக் கழுவி, பையில் கட்டி, விலைச்சீட்டு ஒட்டியே கொடுக்கிறார்கள். பேரம் பேச யாரும் இல்லை, எனக்கும் பேசத் தெரியாது. ஒட்டியிருக்கும் விலையைக் கொடுத்துவிட்டு மேலே வருகிறேன். இன்று மீனை வாணலியில் போட்ட பிறகு, என்னவோ தோன்றி, ஜாடிக்குப் பின்னாலிருந்து டப்பியை எடுத்துக் கட்டைவிரலால் மூடியை அழுத்திப் பார்த்தேன். கீலில் அந்தக் கரையின் மணல் தடுத்து, பாதியில் நின்றது. அப்படியே திருப்பி வைத்தேன்.