பூவிழியின் படத்தில் கதாநாயகன் முதலில் செத்துவிடுவான்

என் தங்கை பூவிழிக்கு வயது முப்பத்திரண்டு. சேதராப்பட்டில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் பேக்கிங் பிரிவுக்கு சூப்பர்வைசர். ஒரு மூடியில் கீறல் இருந்தால் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடுவாள். சினிமாவையும் அதே கண்ணால்தான் பார்ப்பாள், பெண் பார்க்க வருகிறவர்களையும் அதே கண்ணால்தான் பார்ப்பாள். இதுவரை ஏழு பேர் வந்து போயாயிற்று. கடைசியாக வந்தவர் தங்கமானவர். பிடித்த படம் எது என்று இவள் கேட்டதற்கு, எல்லாப் படமும் பிடிக்கும் என்றார். இவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். எனக்கென்னவோ அவள் செய்தது சரி என்றுதான் பட்டது. முதலியார்பேட்டை முழுக்கத் தேடினாலும் அவளைப்போல் படம் பார்க்கத் தெரிந்த ஆள் கிடைக்காது.

காலை ஏழு பத்துக்கு கம்பெனி வேன். அதில் ஆரம்பித்த சினிமாச் சண்டைதான் பிறகு மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, பிற்பகல் மூன்று மணிக்கு நடக்கும் கூட்டமாக மாறியது. பூவிழி, வேன் டிரைவர் நிலவன், அவளோடு வேலை செய்யும் சிந்தியா, சிந்தியாவின் பெரியப்பா பிரான்சுவா, ஆக நான்கு பேர். பிரான்சுவா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். குருசுக்குப்பத்தில் அவர் வீட்டைச் சொல்தா வீடு, அதாவது பட்டாளத்துக்காரர் வீடு, என்றால் எல்லாருக்கும் தெரியும். அங்கேதான் கட்டில் அகலத்துக்கு ஒரு டி.வி. இருக்கிறது. மாதம் ஒருவர் தனக்கு மிகப் பிடித்த படத்தைப் போட்டுக்காட்ட வேண்டும்.

சட்டம் போட்டது பூவிழி. படம் கொண்டுவருகிறவர் டி.வி.க்குப் பக்கத்தில், திரைக்கு முதுகைக் காட்டி, பார்க்கிறவர்களின் முகத்தைப் பார்த்தபடி உட்கார வேண்டும். படம் முடிந்ததும் மற்றவர்கள் எந்த இடத்தில் போனை எடுத்தார்கள் என்று ஒவ்வொருவராக ஒப்புக்கொள்ள வேண்டும். சர்ச்சில் பாவசங்கீர்த்தனமே இதைவிட சுலபம் என்பார் பிரான்சுவா. அவருடைய படத்தில் அம்மா சாகப் பதினான்கு நிமிடம் ஆனது. அதற்குள் ஆம்புலன்ஸ் ஜிப்மருக்குப் போய்த் திரும்பியிருக்கும் என்று பூவிழி சொல்லிவிட்டாள். மனிதர் இரண்டு மாதம் அவளுக்கு மட்டும் சர்க்கரை போடாத காபி கொடுத்தார்.

நான்கு வருடமாக மற்றவர்கள் படத்தைக் கிழித்தாளே ஒழிய, தன் படத்தை அவள் காட்டவில்லை. அவளுக்கும் ஒரு படம் இருந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன், எடுத்தவர்களே மறந்திருப்பார்கள். அவளுக்குப் பத்து வயதில், மூடப்போன ஒரு வீடியோ கடையில் இருந்து நான் வாங்கி வந்த இரண்டு சிடி. பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்கினாலும் அந்தப் படம், காய்ச்சல் வந்தாலும் அந்தப் படம். அப்பா வேலை பார்த்த மில்லை மூடிய அன்றைக்கும் அவள் அதைத்தான் போட்டாள். அப்பாவும் பேசாமல் கூட உட்கார்ந்து பார்த்தார். அந்தப் படத்தைப் பார்த்து நாலு பேர் சிரித்துவிட்டால் தாங்க முடியாது என்றுதான் ஒளித்து வைத்திருந்தாள். பிறகு சிடி பிளேயர் செத்துப்போனது. போன மாதம், அவள் வாய்தவறிச் சொன்ன பெயரை வைத்து நிலவன் அதே படத்தை யூடியூபில் கண்டுபிடித்துவிட்டான். இனித் தப்பிக்க வழியில்லை.

அன்றைக்கு நானும் போனேன். பூவிழி நாற்காலியில் உட்கார்ந்து, ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு உரையே நிகழ்த்தினாள். இந்தப் படத்தில் கதாநாயகன் பாதியிலேயே கடலில் விழுந்து செத்துவிடுவான். அதற்கப்புறம்தான் அவன் எப்படி ஊருக்கு வந்தான், எப்படிக் காதலித்தான் என்று வரும். கடைசியில் அந்தப் பெண் கதவைத் திறந்து அவனைப் பார்த்துச் சிரிப்பாள், அதோடு முடிந்துவிடும். அவன் சாவான் என்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. இப்படி எடுக்கத் தமிழில் எவனுக்கும் தைரியம் வரவில்லை. பிரான்சுவா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

நிலவன் படத்தைப் போட்டான். ஒரு பாட்டு, எழுத்துகள், அப்புறம் பஸ் ஹாரன் சத்தம். பூவிழி திரும்பினாள்.

"நிலவா, பாதிலேந்து போட்டுட்ட பாரு."

"இல்லக்கா, மொதல்லேந்துதான் ஓடுது. இப்பதான் எழுத்து போச்சு."

அவள் டி.வி.யைப் பார்த்தாள். கதாநாயகன் பஸ்ஸில் இருந்து இறங்கிக்கொண்டிருந்தான். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

அந்த சிடிகள் கடைக்காரர் பதிந்து வைத்திருந்த காப்பி. உறை கிடையாது, எழுத்து போடும் பகுதி கிடையாது, இடைவேளை அட்டையும் கிடையாது. எந்தப் பொருளானாலும் எழுதி ஒட்டி வைப்பது என் பழக்கம். இதற்கும் யோசித்துத்தான் நம்பர் போட்டேன். முதல் பாதியைத்தான் எல்லாரும் அடிக்கடி பார்ப்பார்கள், ஆகவே கீறல் அதிகமாக இருக்கும் சிடிதான் முதலாவது. உண்மையில் அது இரண்டாம் பாதி. அந்த சிடி கதாநாயகன் கடலில் விழும்போது சிக்கி நின்றுவிடும். எடுத்துவிட்டு அடுத்ததைப் போடுவோம். நன்றாக இருந்த அவனை இருபத்திரண்டு வருடமாகச் சாகடித்தது நான்தான்.

சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிந்தியா குனிந்து குனிந்து சிரித்தாள். நிலவன் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். பிரான்சுவா மட்டும் சிரிக்கவில்லை, வேண்டுமானால் டி.வி.யை அணைத்துவிடலாம் என்று மெதுவாகச் சொன்னார்.

பூவிழி தரையைப் பார்த்தாள். அவள் அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். மூடி எண்ணும் குரலில் பேசினாள்.

"இது என் படம் இல்ல. இது எவனோ எடுத்த படம். பாதிக்குத் தள்ளு நிலவா."

"படத்த வெட்டி ஒட்டக் கூடாதுன்னு சட்டம் போட்டதே நீதானக்கா."

"எங்க வீட்ல ஓடுனதுதான் எனக்குப் பிடிச்ச படம். அதத்தான காட்டச் சொன்னீங்க? எங்க நிறுத்தணும்னு எங்கக்கா சொல்லும்."

அந்த இடம் எனக்குத் தெரியாதா? அவன் கால் வழுக்கி, கை ஒன்று மேலே, வாய் திறந்தபடி. "நிறுத்து" என்றேன். நிறுத்தினான். பிறகு முதலில் இருந்து ஓடவிட்டான். கதாநாயகன் மறுபடி பஸ்ஸில் இருந்து இறங்கி, கடைக்காரரிடம் வழி கேட்டுச் சிரித்தபோது அறையில் ஒரு சத்தம் இல்லை. உண்மையைச் சொன்னால் நடிப்பு மகா மட்டம். ஆனாலும் சாகப்போகிறவன் எது செய்தாலும் பார்த்துக்கொண்டேதானே இருக்கிறோம். அந்தப் பெண் கதவைத் திறந்து சிரித்தாள். நிலவன் சரியாக அங்கே நிறுத்தினான்.

பூவிழி கடைசிவரை திரும்பவில்லை. எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒப்புக்கொள்ளும் நேரம் வந்தது. சிந்தியா போனைத் தொடவில்லை. பிரான்சுவாவின் போன் சமையலறையில் இருந்தது. அவர் மூக்கைச் சிந்திக்கொண்டே, அந்தப் பெண்ணுக்கு யாராவது சொல்லியிருக்கலாம் என்றார். நிலவன் மட்டும் நெளிந்தான். கதாநாயகன் விழுந்த இடத்தில் போனை எடுத்தானாம். அப்புறம் அவன் பிழைத்தானா என்று தேடிப் பார்த்தானாம்.

"எங்கிட்ட சொல்லாத" என்றாள் பூவிழி.

அன்று இரவுக்குள் பூவிழியைத் தவிர நாங்கள் எல்லாரும் மீதிப் படத்தைப் பார்த்துவிட்டோம். மற்றவர்களுக்கு முடிவைச் சொல்லிக் கெடுப்பதையே தொழிலாக வைத்திருக்கும் கூட்டம் அது. இன்று வரை அந்த வேனில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கதாநாயகன் தலைகூடக் கலையாமல் கரையேறி, மீனவர்கள் இருபது பேரோடு ஆடுகிறான். கண்றாவி. நானும் சொல்லமாட்டேன்.