ஒரு மூட்டை அரிசியும் நான்கு சின்ன ஜெபங்களும்

போன சனிக்கிழமை வெள்ளானூரிலிருந்து பூந்தமல்லிக்கு ஒரு மூட்டை அரிசியோடு போனேன். ஒன்றரை மணி நேரத்தில் முடிய வேண்டிய பயணம், கிட்டத்தட்ட நாலு மணி நேரம் இழுத்தது. உங்கள் சபையிலும் கைப்பிடி அரிசி வழக்கம் இருந்தால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடுகளில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனி டப்பாவில் போட்டு வைப்போம். மாதக் கடைசியில் அது பூந்தமல்லியில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போகும். இந்த முறை வெள்ளிக்கிழமையே அங்கிருந்து போன் வந்துவிட்டது. அரிசி தீர்ந்துவிட்டதாம், நாளை மதியச் சாப்பாடு நாங்கள் கொண்டுபோகும் அரிசியில்தானாம். பதினெட்டு பேர்.

காலை ஒன்பதரைக்கு ஆட்டோ ஏறினோம். காத்திருப்பும் சேர்த்து எழுநூறு ரூபாய் பேசியிருந்தேன். கூட வந்தவர் எங்கள் ஜெபக்குழுத் தலைவர் சாமுவேல் அண்ணன். தேவனுடைய ராஜ்யத்தை அன்றாடம் வாழ்ந்து காட்ட வேண்டும் என்று மூன்று மாதமாகப் பாடம் எடுக்கிறவர். தங்கமான மனிதர். வாயைத் திறந்தால் மூடத்தான் தெரியாது.

வெள்ளானூரில் இரண்டு வீடு, ஆவடியில் ஒன்று, சேக்காட்டில் ஒன்று. ஒவ்வொரு வீட்டிலும் டப்பா தயாராக இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும், "ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டுப் போங்கண்ணே" என்றார்கள். முதல் வீட்டில் அண்ணன் அவர்கள் மகனின் விசாவில் தொடங்கி, மாடி வீட்டுக்காரரின் முழங்கால் வழியாக, ஆசியாக் கண்டம் முழுவதையும் முடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தார். நான் நடுவில் இரண்டு தடவை சத்தமாக ஆமென் சொல்லிப் பார்த்தேன். அதை உற்சாகப்படுத்துவதாக எடுத்துக்கொண்டார்.

போதாததற்கு, நாலு வீட்டு அரிசியையும் ஒரே சாக்கில் கொட்டினார். "தனித்தனியா வெச்சா யாரு ரேஷன் அரிசி குடுத்தான்னு தெரிஞ்சிரும் தம்பி. ராஜ்யத்துல ஏற்றத்தாழ்வு கிடையாது" என்றார்.

சேக்காட்டில் இருக்கும்போதே மணி பன்னிரண்டு. இல்லத்தில் சமைக்கும் மஞ்சுளா அக்கா போனில் கூப்பிட்டார். "எங்க கீறீங்கண்ணே? பெருசுங்க சக்கர மாத்திர போட்டுகினு குந்திகீதுங்க. பிஸ்கட் குடுத்து வெச்சிகீறேன்."

அண்ணன் அப்போதுதான் ஜெபத்துக்குக் கண்ணை மூடியிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சாக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஆட்டோ ஓட்டுநர் குமார் பீடியைக் கீழே போட்டார். "சாமி கும்புடறது தப்பில்ல சார். பெருசுங்க பட்னி கெடக்குதுங்களே, அத்த யாரு பாக்கறது?" என்றபடி ஹாரனை அழுத்தினார். மூன்றாவது ஹாரனில் அண்ணன் வந்தார்.

சேக்காட்டிலிருந்து பூந்தமல்லி பத்து கிலோமீட்டர் அளவுதான். நெரிசலில் ஊர்ந்து ஒன்றே காலுக்குச் சேர்ந்தோம். மஞ்சுளா அக்கா சாக்கில் கையை விட்டதுமே தலையில் அடித்துக்கொண்டார். "பச்சரிசி, புழுங்கலரிசி, ரேஷன் அரிசி, எல்லாத்தையும் ஒண்ணா கொட்டிகினு வந்தா இத்த எப்டி வடிக்கிறது? கஞ்சிதான் போ!" அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. அதைப் பார்க்க எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

கஞ்சியும் துவையலும் தட்டுக்கு வர இரண்டேகால் ஆனது. அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். அதற்குள் முதல் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் உட்கார்ந்தபடியே கையைக் குவித்துவிட்டார்.

"ஆண்டவரே, பசிக்குது. கஞ்சி வந்துகீது. ஸ்தோத்திரம். ஆமென்."

பதினெட்டு பேரும் ஆமென் சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்கள். அண்ணன் கஞ்சி வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறப் போனார்.

நீங்கள் போவதானால், அரிசியை முந்தின நாளே வாங்கி வைத்துவிடுங்கள். பச்சரிசியைத் தனியாகக் கட்டுங்கள். ஹாரன் அடிக்கத் தயங்காத ஓட்டுநராகப் பாருங்கள். சாப்பாட்டு ஜெபத்தைப் பசித்தவரிடமே விட்டுவிடுங்கள்.