விமானக் கப்பலுக்கு ஆள் ஏற்றிப் போன நாள்

1. கடலில் ஒரு திடல்

மலாயாவில், போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் நான் லாஞ்ச் எஞ்சின் டிரைவராக இருந்தேன். ஆழக் கடலில் நிற்கும் பெரிய கப்பலுக்கும் கரையிலுள்ள படகுத்துறையான ஜெட்டிக்கும் ஆள் ஏற்றி இறக்கும் நீராவிப் படகு அது. மேலே சுக்கான் பிடிப்பவர் செராங் சமாட், மலாய்க்காரர்; தமிழும் பேசுவார். கீழே கரியும் எண்ணெயுமாக நான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒருமுறை, வெள்ளைக்காரர் கடற்படையின் விமானம் தாங்கிக் கப்பல் ஒன்று வெளிக்கடலில் வந்து நங்கூரம் போட்டது. அதைப் பார்த்ததும், கட்டி முடிப்பதற்குள் கொண்டுவந்துவிட்டார்களோ என்று நினைத்தேன். மேலே வெறும் தரை. புகைபோக்கியெல்லாம் ஒரு ஓரமாக ஒதுங்கி நின்றது. செராங் சிரித்தார்.

"தம்பி, பந்து விளையாடுற திடலைப் பேத்து கடல்ல போட்டுட்டாங்க லா."

மறுநாள் பொதுமக்கள் ஏறிப் பார்க்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். ராத்திரிச் சாப்பாட்டின்போது இதையெல்லாம் வீட்டில் சொன்னேன்.

"திடல் மாதிரி இருக்குன்னா நானும் வரேன்" என்றாள் என் மனைவி செல்லம்மா.

நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். ஜெட்டிப் பக்கமே வராதவள் அவள். நாகப்பட்டினத்திலிருந்து நாங்கள் கப்பலில் வந்தபோது எங்கள் பிள்ளை முத்து காய்ச்சலில் போய்விட்டான். நடை பழகிக்கொண்டிருந்த வயது. கப்பல்காரர்கள் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போய்க் கடலில் விட்டார்கள். கப்பல் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து அவள் கடல் மீனைத் தொட்டதில்லை. பிள்ளையின் பெயரையும் வாயால் சொன்னதில்லை. நானும் சொல்லாமல் பழகிக்கொண்டேன்.

2. மேல்தளம்

கோலாலம்பூரிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் ரயில் ரயிலாக வந்து இறங்கிய சனத்துக்குக் கணக்கில்லை. தோட்டத்துத் துரைமார், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடும்பங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் எங்கள் லாஞ்சில்தான் போய்வர வேண்டும். மதியத்துக்கு மேல்தான் செல்லம்மாவை ஏற்றினேன். வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கப்பலை அடைந்ததும் செராங் என்னைப் பார்த்து, "நீயும் போ, நான் பாத்துக்கறேன்" என்றார்.

மேலே ஏறியபிறகு அவள் கண்ணைத் திறந்தாள். காலால் தரையைத் தட்டிப் பார்த்துக்கொண்டாள். எங்கள் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி கந்தையா, யாழ்ப்பாணத்துக்காரர், ஓர் இளம் கடற்படைச் சிப்பாயின் பேச்சைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். இறக்கையை மடக்கிய விமானம் ஒன்று லிப்டில் மேலே வந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். விமானம் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்ப் பார்த்துவிட்டு வருமாம். அது திரும்பி இறங்கும்போது கப்பல் காற்றுக்கு எதிராக ஓடிக்கொடுக்குமாம். அப்போதுதான் இவ்வளவு குறுகிய இடத்தில் இறங்க முடியுமாம்.

கூட்டத்தில் இருந்து செல்லம்மா கேட்டாள். "எறங்குறப்போ தவறித் தண்ணியில விழுந்துட்டா?"

கிராணி அதை ஆங்கிலத்தில் கேட்டார். சிப்பாய் சற்றுத் தள்ளி நின்ற சின்னக் கப்பலைக் காட்டினான்.

"பறக்கிற நேரம் அது பின்னாலேயே வருமாம் தங்கச்சி. விழுறவையைத் தூக்கிறதுக்கெண்டே வாறதாம்" என்றார் கிராணி.

"ஒரே ஆளுக்காகவா?"

"ஓம். ஒரு ஆளெண்டாலும்."

"செத்துப் போயிருந்தா?"

கிராணி கொஞ்சம் தயங்கித்தான் கேட்டார். அந்தப் பையன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பதில் சொன்னான்.

"கப்பலை நிப்பாட்டுவினமாம். எல்லாரும் வரிசையா நிண்டு, பிரார்த்தனை சொல்லித்தான் கடல்ல விடுவினமாம்."

செல்லம்மா தலையாட்டினாள். கோபமாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுச் சேதி சொல்வதுபோலச் சொன்னாள். "எங்க முத்துவுக்கு யாரும் நிப்பாட்டலங்கய்யா."

அத்தனை துரைமாருக்கு நடுவில் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு முன் வெளியிடத்தில் அப்படிப் பிடித்ததில்லை.

3. ஒற்றை மணி

திரும்பும்போது லாஞ்ச் நிறைய ஆள். செல்லம்மா கண்ணை மூடவில்லை. கிராணி செராங்கின் பக்கத்தில் போய் நின்று மலாயில் ஏதோ பேசினார். எஞ்சின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

லாஞ்சில் ஒரு விதி உண்டு. சுக்கான் பிடிப்பவர் மேலிருந்து மணி அடிப்பார். ஒற்றை மணி அடித்தால் நிறுத்த வேண்டும், இரட்டை மணி என்றால் கிளப்ப வேண்டும். மணி இல்லாமல் டிரைவர் நீராவி வால்வைத் தொடக்கூடாது. பாதி வழியில், கரை இன்னும் எவ்வளவோ தூரத்தில் இருக்க, ஒற்றை மணி அடித்தது. எதன் மேலோ மோதப்போகிறோம் என்று பயந்து சட்டென்று நிறுத்தினேன்.

மேலே ஏறிப் பார்த்தால் எதிரே ஒன்றுமில்லை. செராங் சொங்கோக் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். கிராணி எழுந்து நின்றார். ஏன் நின்றுவிட்டது என்று ஒரு துரை கேட்டார். எஞ்சின் சூடாகிவிட்டது, சற்று ஆறட்டும் என்று கிராணி கூசாமல் பொய் சொன்னார். எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை.

செராங் என் மனைவியைப் பார்த்தார். "நின்னுருச்சும்மா" என்றார்.

அவள் ஓரத்துக்கு நகர்ந்து குனிந்து தண்ணீரில் கை வைத்தாள். நீரோட்டம் எங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

"முத்து" என்று கூப்பிட்டாள். "அம்மா வந்துருக்கேண்டா."

நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரில் கை வைத்தேன். கையெல்லாம் எண்ணெய்க் கறை. எனக்கு அழுகை வந்தது. அழுதேன். விவரம் தெரியாமலே படகில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

பிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போலாம்ணே" என்றாள். செராங் இரட்டை மணி அடித்தார். நான் கீழே இறங்கினேன்.

அதன்பிறகு என்னிடம் வேலை பழக வந்த டிரைவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். கீழே இருக்கிற உனக்கு மேலே என்ன நடக்கிறது என்று தெரியாது. ஒற்றை மணி அடித்தால் உடனே நிறுத்து. ஏன் என்று பிறகு ஏறிப் பார்த்துக்கொள்.