குப்பைமேட்டுச் சூடு

பினாங்கில் குளிர் ஏது என்று கீழே பட்டணத்தில் இருப்பவர்கள் கேட்பார்கள். அவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் கொடிமலைக்கு வந்து ஒரு வாரம் காய்கறித் தோட்டத்தில் குனிந்து நிமிரட்டும், அப்புறம் பேசுவோம். பகலிலேயே மேகம் பாத்திக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். எதிரே இருக்கும் கோசு தெரியாது. கோசுப்புழுவைக் கண்ணால் தேட முடியாமல் கையால் தடவித்தான் பொறுக்கவேண்டும். தடவும்போது எது விரல், எது புழு என்று தெரியாத அளவுக்கு விரல்கள் மரத்துப்போயிருக்கும்.

அங்கே ஒரு துரை வீட்டுத் தோட்டத்தில் எனக்கு வேலை. மழையில் மண் கரையாமல் பாத்தியை உயர்த்திக் கட்டுவது, வாய்க்கால் தோண்டுவது, பீன்ஸ் கொடிக்குக் குச்சி நடுவது என்று எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தேன். ஆனால் துரை அவற்றையெல்லாம் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மலை ரயிலில் வந்து இறங்கியதும் நேரே தோட்டத்தின் பின்னால், உரத்துக்காகத் தழையும் சாணியும் மக்கப்போட்டிருக்கும் குப்பைமேட்டுக்கு வருவார். சட்டைக் கையை மடித்துவிட்டு, முழங்கை மறையும்வரை குப்பைக்குள் கையை விடுவார். உள்ளே சுட்டால் “பாகுஸ்” என்பார். மலாயில் நல்லது என்று அர்த்தம். கோசைத் திரும்பிப் பார்க்காமல் குளிக்கப் போய்விடுவார். குப்பை சூடாக இருந்தால் தோட்டமே சரியாக இருக்கிறது என்பது அவருடைய கட்சி. எனக்கு முன்னால் இருந்த தோட்டக்காரனுக்கு ஒரு மழைக்காலத்தில் குப்பை ஆறிப்போனது. மறுநாள் அவன் பெட்டியோடு மலை இறங்கினான்.

என் மனைவிக்கு அப்போது நிறைமாதம். தோட்டத்து ஓரத்தில் துரை கொடுத்திருந்த அறைதான் எங்களுக்கு வீடு. குப்பை ஆறினால் வேலை போகும், வேலை போனால் அறை போகும், அந்த வயிற்றோடு அவள் எங்கே போவாள்? நான் பள்ளிக்கூடத்தில் கூட்டலும் கழித்தலும்தான் படித்தேன். பெருக்கல் வருவதற்குள் நின்றுவிட்டேன். அதனாலோ என்னவோ, எதைப் பார்த்தாலும் அது குறைந்துகொண்டே போவதாகத்தான் எனக்குத் தோன்றும்.

ஆகவே குப்பையை நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டேன். என்ன, மற்றவர்கள் காய்ச்சல் அடித்தால் பயப்படுவார்கள், நான் அடிக்காவிட்டால் பயந்தேன். காலையில் எழுந்ததும் போய் ஒரு குழி தோண்டிப் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். சந்தேகம் வரும். வேறு பக்கம் தோண்டிப் பார்ப்பேன். மழைக்குத் தென்னோலை போர்த்தினேன். அதுவும் போதாது என்று என் கம்பளியைப் போர்த்தினேன். மலையடிவாரத்து ஆயர் ஈத்தாமில் மாடு வைத்திருந்த பால்காரரிடம் சாணி வாங்கி, ரயிலில் ஏற்றலாமா என்று கேட்கப் பயந்து, தலையில் சுமந்து நடந்தே மலை ஏறினேன்.

“என் நெத்தியத் தொட்டுப் பாத்து எத்தன மாசமாச்சு?” என்றாள் மனைவி. “குப்பைக்குக் கம்பளி. எனக்குச் சாக்கு.”

அந்த நேரத்தில்தான் டோபி வந்து சேர்ந்தார். மலைமேல் உள்ள துரைமார் துணியெல்லாம் அவர்தான் வெளுப்பார். என்னைவிட மூத்தவர். மழையில் துணி காயாமல் அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனாலும் ஒருநாள் காலை போய்ப் பார்த்தால், குப்பைமேடு முழுக்கத் துரையின் காலுறைகள், வடகம் காயவைத்ததுபோல.

“அண்ணே, என்ன இது?”

“காயுது தம்பி. பாரு, ஆவி பறக்குது. நல்ல குப்ப.”

“நீங்க பாட்டுக்குச் சூட்ட எடுத்துக்கிட்டா துரைக்கு என்ன மிஞ்சும்?”

“சூடு என்ன சோறா, அள்ள அள்ளக் கொறையறதுக்கு? தெனம் ஊரே வெயில்ல துணி காயப்போடுது. சூரியன் ஆறிப்போச்சா?”

“ஒரு வாரமா சூரியனையே காணோமே அண்ணே!”

அவர் மெதுவாகக் காலுறைகளைத் திருப்பிப் போட்டார். “ஒன்கிட்ட பேச முடியாது லா,” என்றார்.

அன்றிலிருந்து எனக்குச் சந்தேகம் வலுத்தது. டோபி வந்துபோன பிறகெல்லாம் தோண்டிப் பார்த்தேன். தோண்டத் தோண்ட ஆறிக்கொண்டே வந்தது. ஆறுகிறதே என்று மேலும் தோண்டினேன். வெள்ளிக்கிழமை கையை விட்டால் பழைய சோற்றில் விட்டதுபோல் இருந்தது. நான் மேட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். சங்கதியைக் கேட்டாள்.

“டோபி அண்ணன் ஒண்ணும் பண்ணல. நீங்கதான் பண்றீங்க. ஒல வச்சுட்டு மூடியத் தொறந்துகிட்டே இருந்தா சோறு வேகுமா?”

“பாக்காம எப்படித் தெரியும்?”

“தெரியாமயே இருக்கட்டும். எந்திரிங்க.”

நான் தோண்டிப் போட்டுக் கிடந்த குப்பையையெல்லாம் கூட்டி மூடவைத்தாள். பிறகு ஒரு முக்காலியைக் கொண்டுவந்து மேட்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். சனிக்கிழமை முழுதும் சாப்பிடப் போவதைத் தவிர அவள் அங்கிருந்து அசையவில்லை. நான் பக்கத்தில் போனால் ஒரு குச்சியைக் காட்டினாள். நான் தூரத்தில் நின்று பீன்ஸ் பறித்தேன். பிஞ்சு எது முற்றல் எது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் பறித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை துரை மழையில் நனைந்துகொண்டு வந்தார். சப்பாத்து நடக்கும்போது சளக் சளக் என்றது. நான் சாமியை வேண்டிக்கொண்டு நின்றேன். மனைவி முக்காலியை விட்டு எழுந்தாள். டோபியும் துணிமூட்டையோடு வந்து நின்றார். துரை சட்டைக் கையை மடித்தார், விட்டார். விட்ட வேகத்தில் “பானாஸ்!” என்று கத்திக்கொண்டு கையை வெளியே இழுத்தார். சுடுகிறது என்கிறார். எனக்கு உயிர் வந்தது.

இழுத்த கையில் ஒரு காலுறை இருந்தது.

துரை அதைப் பார்த்தார், நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்தோம். அவருடைய சொந்தக் காலுறை, ஆவி பறந்துகொண்டிருந்தது. மேலே போட்டால் பனி விழும் என்று டோபி முந்தின நாள் மாலை, என் மனைவி சாப்பிடப் போன நேரத்தில், உள்ளே செருகிவிட்டுப் போயிருக்கிறார். வந்த உயிர் போய்விட்டது. துரை அதை முகர்ந்து பார்த்தார். பிறகு என் மனைவியின் முக்காலியில் உட்கார்ந்தார். சப்பாத்தைக் கழற்றி, நனைந்த காலுறையைப் பிழிந்து எறிந்துவிட்டு, சூடான காலுறையை மாட்டினார். மாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அப்படி ஒரு சுகத்தை நான் எந்தத் துரை முகத்திலும் பார்த்ததில்லை.

கண்ணைத் திறந்தார். மற்றக் காலைத் தூக்கிக் காட்டினார். “மானா?” என்றார். இன்னொன்று எங்கே?

நான் மண்வெட்டியை எடுத்தேன். டோபி கையால் வாரினார். துரையும் வெறுங்காலை மடக்கிக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று இங்கே தோண்டு, அங்கே தோண்டு என்று காட்டினார். மேட்டின் அடிவரை தோண்டிப் புரட்டிவிட்டோம். காலுறை இல்லை. குப்பை முழுதும் தூறலில் விரிந்து கிடந்து, கண்ணெதிரே ஆவியெல்லாம் போய்ச் சில்லிட்டது. துரை குனிந்து தொட்டுப் பார்த்தார். நான் மனதுக்குள் பெட்டி கட்டத் தொடங்கினேன்.

துரை குப்பையைப் பார்த்தார். தம் சூடான காலைப் பார்த்தார். வெகுநேரம் யோசித்து, காலைக் காட்டி, “பாகுஸ்” என்றார். ஒரு காலில் காலுறையும் ஒரு கையில் சப்பாத்துகளுமாக நொண்டியபடி வீட்டுக்குள் போனார்.

அவர் கதவைச் சாத்திய பிறகு டோபி சொன்னார்: “இன்னொண்ணு நேத்தே காஞ்சுபோச்சு தம்பி. தேச்சு அவரு அலமாரியில வச்சுட்டேன்.”

“அத அப்பவே சொல்லக் கூடாதா அண்ணே?”

“தொரை தோண்டச் சொன்னாரே. தோண்டச் சொன்னா தோண்டணும் லா.”

மனைவி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா, வலி எடுத்துவிட்டதா என்று தெரியாமல் நான் பதறினேன். சிரிப்புத்தான்.

இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் வாரி மறுபடி மேடு கட்டினோம். புரட்டிவிட்ட குப்பை முன்னைவிடக் கடுமையாகச் சூடேறும் என்பது எனக்குத் தெரியாது. ஓரிரு நாளில் மேடு உலைபோல் கொதித்தது, ஓலை கருகியதுபோல் ஒரு வாசனை வந்தது. தீப்பிடித்து வீட்டையே எரித்துவிட்டால் என்ன செய்வது என்று, அணைக்கத் தயாராக இரண்டு வாளி தண்ணீரை மேட்டோடு ஒட்டி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். காலையில் இரண்டும் காலியாக இருந்தன. மனைவி தலை குளித்துவிட்டு வந்து, தண்ணீர் பதமான சூட்டில் இருந்தது, நாளைக்கும் வையுங்கள் என்றாள்.