வெர்லீன் விட்ட பெயர்

வெர்லீன் முப்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டியவள். நிறுத்தத்தில் இல்லாதவரை ஏற்ற மாட்டாள், பிடிக்காதவரை மனதிலும் ஏற்ற மாட்டாள். அவள் மகன் டேரியஸைப் பெட்ரோல் பங்கில் வைத்துப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஆள் மாறிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். யாராவது வந்து மன்னிப்புக் கேட்பார்கள் என்று அவள் காத்திருந்ததில் ஆறு மாதம் ஓடிவிட்டது. நகராட்சி மீது வழக்குப் போட வேண்டுமானால் முதலில் அங்கே மனுக் கொடுக்க வேண்டும். அதற்குக் கடைசி நாள் இன்று, மாலை ஐந்து மணி வரை.

மனுவை நிரப்பியவள் நான். எங்கள் தேவாலயத்து அலுவலகத்தில் தட்டச்சு வேலை என்னுடையது. குடும்பத்தார் பெயர்களை டேரியஸின் அடக்க ஆராதனைத் தாளிலிருந்து அப்படியே எடுத்தேன். எங்களில் யார் செத்தாலும் படம் போட்டு, விட்டுச் சென்ற உறவுகளை வரிசையாக அச்சடிப்போம். அந்தத் தாளையும் நான்தான் அடித்தேன், வெர்லீன் சொல்லச் சொல்ல.

மூன்று மணிக்கு வக்கீல் போன் செய்தார். வெர்லீன் எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"டேரியஸுக்குப் பிள்ளை உண்டா?"

"இல்லை" என்றாள் வெர்லீன். நான் அவளை முறைத்தேன்.

"ஜனேல் இருக்கா சார், இருபது வயசு" என்றேன். "இவங்க ஏத்துக்கலை. தாள்லயும் பேர் போட விடலை."

வக்கீல் பெருமூச்சு விட்டார். "அப்போ வழக்குப் போடுற உரிமை அந்தப் பொண்ணுக்குத்தாம்மா. உங்க மனு நிக்காது. அவ தன் பேர்ல, தானே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். அஞ்சு தாண்டினா நகராட்சிகிட்ட கெஞ்சித்தான் ஆகணும்."

போனை வைத்ததும் வெர்லீன் மெதுவாகச் சொன்னாள்: "அவளைப் பத்தி யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். கிளம்பு!" எனக்கு அவள்மேல் வந்த கோபத்தில் பாதி என்மேலேயே வந்த கோபம்.

ஜனேல் முடி பின்னும் கடையில் இருந்தாள். நாற்காலியில் ஒரு பெண், பாதித் தலை பின்னி, பாதி விரிந்து கிடந்தது. மணி நான்கு. வந்த காரியத்தை நான் சொன்னேன்.

"சாவுத் தாள்ல இடமில்லை, மனுவுல இருக்கோ?" ஜனேல் கையை நிறுத்தவில்லை.

"நான் செஞ்சது தப்பு" என்றாள் வெர்லீன்.

"எது தப்பு? வாயால சொல்லுங்க."

வெர்லீன் அவள் எதிரே போய் நின்றாள். "நீ பொறந்த அன்னிக்கே ஆஸ்பத்திரியில உன்னைப் பாத்தேன். அவன் மூஞ்சிதான். உங்கம்மாவைப் பிடிக்கலை, அதனால உன்னை இல்லைன்னுட்டேன். அவனைச் சுட்டவனை நிக்க வெச்சுக் கேள்வி கேக்கணும். அதுக்கு உன்னைத் தவிர யாருமில்லை."

"காரியம் ஆகணும்னா பேத்தி!" ஜனேலின் குரல் உடைந்தது. "நீங்க கூப்பிட்டதுக்கு வரலை. எங்கப்பாவுக்காக வரேன்."

"அடியே, என் மிச்சத் தலை?" என்றாள் நாற்காலிக்காரி. பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தாள். "சரி, போய்ட்டு வா. இந்தக் கோலத்தோட நான் எங்க போகப்போறேன்?"

நகராட்சி அலுவலகம் வரை வழியெல்லாம் நெரிசல். காரின் பின் இருக்கையில் ஜனேல் புது மனுவை மடியில் வைத்து நிரப்பினாள். முன்னால் வெர்லீன் ஒவ்வொரு சிவப்பு விளக்கையும் திட்டிக்கொண்டே ஓட்டினாள். இறங்கி மூவரும் ஓடினோம். எனக்கு முட்டி கழன்றுவிடும் போலிருந்தது.

நாலு ஐம்பத்திரண்டுக்கு எழுத்தர் ஜனேலின் மனுவில் முத்திரை குத்தினார். வெர்லீன் கையிலிருந்த பழைய மனுவைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"உங்களோடதும் கொடுங்கம்மா, நேரமாச்சு."

அந்த மனுவில் அவள் பெயர்தான் முதலில் இருந்தது. வெர்லீன் அதை நான்காக மடித்துக் கைப்பையில் போட்டாள்.

"எனக்கு மனு இல்லைங்க. அவன் பொண்ணைக் கூட்டிட்டு வந்தேன்."