நீலச் சட்டை மதலை

குழந்தைசாமி மினிபஸ் ஓட்டத் தொடங்கியது 1998 ஜூன் 15, திங்கட்கிழமை. அறந்தாங்கியிலிருந்து எங்கள் ஊருக்குப் பதினோரு கிலோமீட்டர். ஒரு நாளைக்கு எட்டு ட்ரிப். இத்தனை ஆண்டுகளில் அந்த வண்டி ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. ஊரார் அதைத் திறமை என்பார்கள். அவன் எனக்கு மகன் முறை. பிறந்த நாளிலிருந்து அறிந்தவன் என்பதால் சொல்கிறேன், அது பயம்.

அவனுக்கு முன்னால் அவன் அம்மாவுக்குப் பிறந்த மூன்றும் தங்கவில்லை. நான்காவதாக வந்தவனைத் தரையில் விடாமல் வளர்த்தார்கள். மரம் ஏறக்கூடாது, கண்மாயில் இறங்கக்கூடாது. உட்கார்ந்த இடத்தில் விளையாடும் விளையாட்டு மட்டுமே அவனுக்கு மிஞ்சியது. களிமண்ணில் பஸ் செய்வான். கருவேல முள்தான் அச்சு. காய்ந்ததும் வெடித்துவிடும், மறுநாள் வேறொன்று செய்வான். பெரியவனானதும் ஓட்டுவதற்கு பஸ்தான் வேண்டும் என்றான்.

2001 ஆவணியில் கலைமதியைக் கட்டினான். பதினைந்தரை ஆண்டு கழித்து, 2017 பிப்ரவரி 8, புதன்கிழமை காலை 6.50க்கு வைஷ்ணவி பிறந்தாள். எடை இரண்டு கிலோ நூறு கிராம். அந்த வைகாசியிலேயே ஐயனார் கோயிலுக்கு நேர்ந்துகொண்ட மதலையை எடுத்து வைத்தார்கள்.

எங்கள் ஊரில் ஐயனாருக்குப் புரவி எடுக்கும் திருவிழாவில் மண் குதிரைகளோடு மதலைகளும் போகும். மதலை என்பது ஒரு முழ உயரத்தில் சுட்ட மண்ணால் செய்த பிள்ளை. பிள்ளை வரம் கேட்டுக் கிடைத்தவர்கள், மண்பாண்டம் செய்யும் வேளாரிடம் சொல்லிச் செய்து, தோளில் சுமந்து போய்க் கோயில் மரத்தடியில் வைப்பார்கள். வைத்தது வைத்ததுதான். அதன்பின் யாரும் தொடுவதில்லை. வெயிலும் மழையுமே அதைக் கரைக்க வேண்டும். பிள்ளைக்கு வருவதையெல்லாம் அது வாங்கிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. மனிதக் கை பட்டு உடைந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள்.

யார் எந்த ஆண்டு எதை எடுத்து வைத்தார்கள் என்ற பதிவை 1973 முதல் நான் எழுதிவருகிறேன்.

2024 டிசம்பரில் சாலா என்ற பெண் சென்னையிலிருந்து வந்தார். திருமயம் பக்கத்துக் குடும்பம். வயது முப்பத்து நான்கு. இது அவருடைய முதல் படம். பள்ளி விடுமுறைக்குத் தாத்தா வீட்டுக்கு வந்தபோது விளையாடிய மண் பொம்மைகளை மறக்க முடியாமல் அதையே கதையாக்கியிருப்பதாகச் சொன்னார். ஒரு சிறுமிக்கு மண் பொம்மை ஒன்று கிடைக்கிறது. அது அவளோடு பேசுகிறது. முதலில் விளையாட்டாகச் சொல்கிறது, பிறகு செய்யக்கூடாததைச் செய்யச் சொல்கிறது. கடைசியில் அவளே அதைக் கிணற்று மேட்டில் போட்டு உடைக்கிறாள்.

மினிபஸ்ஸில் இன்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலோடு பேசிக்கொண்டிருந்த வைஷ்ணவியைப் பார்த்ததும், இவள்தான் அந்தச் சிறுமி என்று சாலா முடிவு செய்துவிட்டார். குழந்தைசாமி முடியாது என்றான். மூன்று நாள் கழித்து அவனே என்னிடம் வந்தான்.

"நம்ம காலத்து வெளையாட்டுச் சாமானெல்லாம் படத்துல வருதாம் சித்தப்பா. களிமண் பஸ்ஸும் வருதாம். என்னையவே செஞ்சு தரச் சொல்றாங்க."

"நீ செஞ்சா வெடிச்சிருமேப்பா."

"வெடிச்சாத்தான் நல்லாருக்குமாம்" என்று சொல்லிச் சிரித்தான். சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே, "பொம்மை பேசுற படம். பிள்ளை பயந்துக்கிருமோ?" என்று கேட்டான்.

படப்பிடிப்பு ஜனவரி 20, திங்கட்கிழமை தொடங்கியது. வேடிக்கை பார்க்க ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள்தான் அதிகம் வந்தார்கள். ஒருவர் சொப்புச் சாமானைச் சொல்வார். இன்னொருவர் பனங்காய் வண்டியைச் சொல்வார். சாலா கேட்டுக்கொண்டதால் நானும் பதினேழு சாமான்களை எழுதிக் கொடுத்தேன். கொடுத்த பிறகு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்தப் பதினேழில் ஒன்றுகூடத் தானாக எதையும் செய்ததில்லை. நாங்கள் இழுத்தால் வந்தன, விட்டால் நின்றன. பொம்மை பேசியது என்றால் எங்கள் வாயால் பேசியது. எங்களுக்குப் பிடித்ததே அதுதான். படத்துக்கு அது போதவில்லை. பொம்மை தானாகப் பேச வேண்டியிருக்கிறது. அப்படிப் பேசினால் அது எங்கள் பொம்மைதானா? இதை யாரிடமும் சொல்லவில்லை. எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

ஜனவரி 28, செவ்வாய்க்கிழமை பகல் 1.40க்குக் குழந்தைசாமி என் வீட்டுக்கு வந்தான். காக்கிச் சட்டை முழுக்க வியர்வை.

"வாப்பா. சாப்பிட்டியா?"

"சித்தப்பா, கதவைச் சாத்துங்க."

சாத்தினேன். அவன் உட்காரவில்லை.

"பிள்ளை கையில வச்சிருக்க பொம்மை செஞ்சது இல்ல. கோயில்ல இருந்து எடுத்தது. மதலை."

"யார் சொன்னா?"

"எடுத்தவனே சொன்னான். அந்த விக்ரம்."

விக்ரம் அந்தப் படத்தில் பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் மதுரைப் பையன். அன்று வண்டிக்கு வேறு டிரைவர் கிடைத்ததால், முதல் முறையாகக் குழந்தைசாமி படப்பிடிப்புக்குப் போயிருக்கிறான். சாப்பாட்டு நேரத்தில் மகள் மடியில் இருந்த பொம்மையைப் பக்கத்தில் பார்த்திருக்கிறான். வண்ணமெல்லாம் போய்விட்டது. அக்குளுக்கு அடியில் மட்டும் நீலம் ஒட்டியிருந்தது. எங்கே வாங்கியது என்று கேட்டதற்கு விக்ரம் பெருமையாகச் சொல்லியிருக்கிறான்: "மூணு புதுசு செஞ்சு பாத்தோம்ணே, பளபளன்னு இருந்துச்சு. அங்கிட்டு மரத்தடில கேப்பாரில்லாம நெறையக் கெடந்துச்சு. ஒண்ணே ஒண்ணுதான் எடுத்தேன்."

"எந்த வரிசைன்னு கேட்டியா?"

"வேம்புக்குக் கெழக்க, மூணாவது வரிசை." அவன் குரல் இறங்கியது. "அது வைஷ்ணவி பொறந்த வருசத்து வரிசை. நாங்க வச்சதும் நீலச் சட்டை. நாளை மறுநாள் அவ கையாலயே அதைப் போட்டு ஒடைக்கணும். புதுசை ஒடைச்சா கேமராவுல தெரிஞ்சிருமாம். வெளிய சொன்னா அந்தப் படக்காரப் பிள்ளைகளை ஊரு அடிச்சே போட்டுரும். என் மகளையும் விடாதுங்க. ஒம்பது நாளா வச்சு வெளையாண்டிருக்கா. அதுக்குப் பாப்புன்னு பேரு வேற. வீட்டுக்கு வந்தும், இன்னைக்குப் பாப்பு இதைச் சொல்லுச்சு அதைச் சொல்லுச்சுங்கிறா. நோட்டைப் பாத்துச் சொல்லுங்க. எங்களுது இல்லைன்னு சொல்லுங்க."

நோட்டை எடுத்தேன். 2017 ஜூன் 2, வெள்ளிக்கிழமை. குதிரை இருபத்து மூன்று, மதலை பதினொன்று. நிறம் எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. பச்சை ஐந்து, சிவப்பு நான்கு, நீலம் இரண்டு. நீலத்தில் ஒன்று குழந்தைசாமி, கலைமதி. மற்றொன்று அறந்தாங்கி சிவசாமி. கத்தாரில் வேலை, ஆண் குழந்தைக்காக வைத்தவர். எங்கள் வேளார் ஆண், பெண் வித்தியாசம் வைத்துச் செய்வதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே முகம், ஒரே சட்டை. அவரைக் கேட்கலாம் என்றால் 2021இல் இறந்துவிட்டார்.

"ரெண்டுல ஒண்ணு" என்றேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வையில், இத்தனை ஆண்டுகள் எழுதியதற்கு இவ்வளவுதானா என்று இருந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இருவரும் படப்பிடிப்பு இடத்துக்குப் போனோம். சாலாவைத் தனியாக அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்க ஐயா. இவன் செஞ்சு பழசாக்கினான்னுதான் நெனச்சேன். டேய் விக்ரம், இங்க வா."

விக்ரம் வந்தான். "மேடம், தூக்கிப் போட்டதுன்னு நெனச்சேன் மேடம்."

"தூக்கிப் போட்டதை யாருடா வரிசையா நிக்க வப்பா?" என்ற சாலா, குழந்தைசாமியிடம் திரும்பினார். "அண்ணே, இப்பவே எடுத்துக்கங்க. ஒடைக்கிறதுக்குப் புதுசு ஒண்ணு வச்சுக்குறேன். தெரிஞ்சாத் தெரியட்டும். ஆனா ஒம்பது நாள் எடுத்தது எடுத்ததுதான். அதை என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அவன் தலையாட்டினான். மகள் அருகே போகும்போது நடை ஒரு மாதிரியாக இருந்தது. திடீரென்று கூப்பிட்டால் அவள் பயந்து கீழே போட்டுவிடுவாளோ என்று, பாம்பை நெருங்குபவன்போல் போனான்.

"தங்கம், அதை அப்பாட்ட குடு. ரெண்டு கையாலயும் பிடிச்சுக் குடு."

"எதுக்கு?"

"அது வீட்டுக்கு அது போகணும்ல."

"அங்க யாரு பேசுவா அதுகூட?"

"அங்க நெறையப் பேர் இருக்காங்க பாப்பா" என்று நான் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொடுத்தாள். அவன் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

எடுத்த இடத்தைக் காட்ட விக்ரமும் எங்களோடு வந்தான். நோட்டில் இருந்த இரண்டு பெயரையும் வழியில் அவனுக்குச் சொன்னேன். கோயிலை அடைந்தபோது மணி 3.25. கடந்த ஜூனில் நான் எண்ணியபோது அந்த வரிசையில் ஏழு நின்றன. இப்போது ஐந்து. ஓரிடத்தில், நின்று நின்று பதிந்த வட்டத் தடம். அதன் பக்கத்தில் ஒன்று மல்லாந்து கிடந்தது. தலை தனியாக உருண்டிருந்தது. வெளியெல்லாம் பாசி, உடைந்த விளிம்பு மட்டும் செங்கல் நிறத்தில் புதிதாக இருந்தது.

"இது எப்படா ஒடஞ்சது?" என்றேன்.

விக்ரம் தரையைப் பார்த்தான். "அதை எடுத்தப்ப என் கால் பட்டு இது சாஞ்சிருச்சு சார்."

தொடாமல், செல்போன் வெளிச்சத்தை அதன் அக்குளில் காட்டிக் குனிந்து பார்த்தேன். அங்கேயும் நீலம்.

நான் சொல்வதற்கு முன்பே குழந்தைசாமிக்குப் புரிந்துவிட்டது. இவ்வளவு நேரம், கையில் இருப்பது தன்னுடையதாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டு வந்தவன். இப்போது அது தன்னுடையதாகவே இருந்தாக வேண்டும். இல்லையென்றால், கழுத்து முறிந்து கிடப்பது வைஷ்ணவியின் மதலை.

"இதுதான் சித்தப்பா எங்களுது" என்று துண்டை இறுக்கினான். "தூக்கி வந்தப்ப இருந்த கனம் எனக்குத் தெரியும். இதுதான்." உடனே என் பக்கம் திரும்பி, "இதுதான?" என்றான்.

நான் தெரியாததைத் தெரியும் என்று சொல்லிப் பழகியவன் அல்ல. அன்று சொல்லியிருக்கலாம்.

விக்ரமுக்கு அழுகை வந்துவிட்டது. "அந்த இன்னொருத்தர் நம்பர் இருக்கா சார்? பையன் நல்லாருக்கானான்னு ஒரு போன் போட்டுக் கேட்டுருவமா?"

நம்பர் இருந்தது. போனை எடுத்தேன். குழந்தைசாமி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

"போடாதீங்க. நல்லாருக்கான்னு சொன்னா, அப்ப ஒடஞ்சது எங்களுதோன்னு தோணும். நல்லாயில்லைன்னு சொன்னா, நான் ஒரு நிமிசம் சந்தோசப்பட்டுருவேன். அந்த ஒரு நிமிசத்தை வச்சுக்கிட்டு நான் எப்படி வண்டி ஓட்டுறது?"

போனைப் பையில் போட்டேன்.

அவன் கையிலிருந்ததைத் தடத்தின்மேல் வைத்தான். அடி சரியாகப் பொருந்தியது. பிறகு உடைந்ததன் முன்னால் உட்கார்ந்தான். தலையை எடுத்து உடலோடு சேர்க்கக் கையை நீட்டி, தொடாமல் இழுத்துக்கொண்டான். இரண்டு முறை அப்படிச் செய்தான்.

"சிவசாமி மகன் பேரு என்ன சித்தப்பா?"

"உதயசூரியன்."

இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கும்பிட்டான். அவன் உதடுகள் வெகுநேரம் அசைந்தன. விக்ரம் செருப்பைத் தூரத்தில் கழற்றிவிட்டு வந்து அவன் பின்னால் விழுந்து கும்பிட்டான்.

30ஆம் தேதி புதுப் பொம்மையை உடைத்து எடுத்தார்கள். கலைமதி மட்டும் கூடப் போனாள். அவளுக்கு அவன் எதையும் சொல்லவில்லை. பிப்ரவரியில் வைஷ்ணவிக்கு இரண்டு நாள் சளிக்காய்ச்சல் வந்தது. பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்கு இருந்ததுதான். அவன் இரண்டு நாளும் வண்டி எடுக்கவில்லை. மூன்று டாக்டர்களிடம் காட்டினான். காய்ச்சல் இறங்கிய பிறகும் ட்ரிப்புக்கு நடுவே வீட்டு வாசலில் பஸ்ஸை நிறுத்தி, இறங்கிப் போய் அவள் நெற்றியைத் தொட்டுவிட்டு வருவான். பஸ்ஸில் இருப்பவர்கள், "டிரைவர் பிள்ளையைப் பாக்கப் போயிருக்காரு, நாமளும் எறங்கி ஒரு டீ குடிப்போம்" என்று கிண்டல் செய்தார்கள்.

படம் செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை வெளிவந்தது. ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு அறந்தாங்கி தியேட்டருக்கு ஊரே போனது. களிமண் பஸ் வந்ததும் கைதட்டினார்கள். அது திரையில் வெடித்தபோது இன்னும் பலமாகத் தட்டினார்கள். எனக்கு முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மதலை வந்தது. ஆள் உயரத்துக்கு மேல் பெரிதாகி, அக்குளின் நீலம் தெரிய, வைஷ்ணவியின் கையில் இருந்து பேசியது. குழந்தைசாமி எழுந்து வெளியே போனான். நானும் போனேன்.

சைக்கிள் ஸ்டாண்ட் ஓரம் வெயிலில் நின்றிருந்தான்.

"அது திரும்பப் போய்ச் சேந்துருச்சேப்பா" என்றேன்.

"நாம கொண்டுபோய் வச்சது ஒரு தடவை. இங்க நாலு ஆட்டத்துக்கும் எம்மக அதைக் கையில எடுக்குறா."

சிறிது நேரத்தில் வைஷ்ணவி அப்பாவைத் தேடிக்கொண்டு ஓடி வந்தாள். பட்டுப் பாவாடை, கையில் பாப்கார்ன்.

"அப்பா, வாங்கப்பா. இன்னும் ஒடைக்கல. இப்பத்தான் கெணத்துக்குப் போறேன்."

"நீ போய்ப் பாரு தங்கம்."

"நீங்க வரலையா?"

"அப்பா இங்கயே நிக்குறேன். ஒடஞ்சதும் ஓடியாந்து என்கிட்ட நில்லு."